சாமிக்கண்ணு எடுத்த சாவு லீவு

சாமிக்கண்ணு வேலையிலிருந்து ஓய்வு பெறப்போன வருஷம், கம்பெனிக் கணக்குப்படி அவனுக்கு மூன்று அப்பா செத்துப்போயிருந்தார்கள். அவனைப் பெற்ற இராமையா அந்தக் கணக்கில் வரவில்லை. அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

இராமையா எனக்கு அண்ணன் முறை. கூடப் பிறந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் அம்மாவும் என் அம்மாவும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள். மலாக்காவில், செலண்டார் பக்கத்து ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் இருவருக்கும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு கிடைத்தது. கப்பலிலேயே அக்கா தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். அதனால் பிறந்தபோதே எனக்கு ஓர் அண்ணன் தயாராக இருந்தார். அவர் மகன் சாமிக்கண்ணு எனக்கு மருமகன். அவன் பெண்டாட்டி புனிதா என்னைச் சின்னம்மா என்பாள். எங்கள் தோட்டத்தில் சொந்தம் எல்லாம் இப்படித்தான் உண்டானது. ரத்தத்தில் பார்த்தால் பாதிப் பேர் யாரோ எவரோ. ஆனால் கல்யாணம் என்றால் முறை பார்க்காமல் ஒரு தட்டு மாற்ற மாட்டோம்.

சாமிக்கண்ணு முதலில் பால் வெட்டினான். தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை வைத்தார்கள், பிறகு தோட்டத்தையே விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் செலண்டாரில் மலிவு விலைத் தரைவீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். அவன் மெர்லிமாவ் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போனான். கார் கதவு ஓரத்தில் ஒட்டுகிற ரப்பர் வார் செய்யும் இடம். ரப்பரையும் கறுப்புத் தூளையும் போட்டுக் கலக்குகிற பகுதி அவனுடையது. காலையில் மோட்டர் சைக்கிளில் ஒரு நிறத்தில் போவான், சாயங்காலம் இன்னொரு நிறத்தில் வருவான்.

அவன் அங்கே சேர்ந்து சில வருஷங்களில் நல்லமுத்து செத்துப்போனார். தோட்டத்தில் ஜாகா வேலை, அதாவது ராக்காவல் பார்த்தவர். கல்யாணம் கட்டாதவர். எங்கள் ஆட்களில் செத்தவருக்கு மகன் கொள்ளி வைக்க வேண்டும். மொட்டை போட்டு, மீசை எடுத்து, கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு பாடைக்கு முன்னால் நடக்க வேண்டும். மறுநாள் சாம்பல் அள்ளிக் கடலில் கரைக்க வேண்டும். மகன் இல்லாதவருக்கு மகன் முறையில் ஒருவன் அதைச் செய்வான். நல்லமுத்து வீட்டு வாசலில் நின்ற வாலிபர்களுக்கு எல்லாம் அன்றைக்குத் தலைமுடி தேவைப்பட்டது. ஒருவனுக்கு நிச்சயதார்த்தம். இன்னொருவனுக்கு அடையாளக் கார்டுக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் காரணம் சொல்லாமல் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றார்கள்.

சுடுகாட்டுக்கு விறகு ஏற்றிக்கொண்டிருந்த இராமையா, என் மகன் வைப்பான் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டையைத் தூக்கினார்.

மகன் அப்போது அங்கே இல்லை. வேலை முடிந்து வந்தபோது அவன் வீட்டு வாசலில் முடி வெட்டுகிறவர் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் அவனுக்குச் சேதி தெரிந்தது.

பெற்ற அப்பா உயிரோடு இருக்கும்போது இன்னொருவருக்குக் கொள்ளி வைப்பது ஆகாது என்று பெண்களில் மூத்தவளான பெத்தம்மாள் ஆட்சேபணை சொன்னாள். இராமையாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்பது அவள் பயம்.

"ஆனாத்தான் என்ன," என்றார் இராமையா. "ஆளுதான் மொட்டையோட தயாரா இருக்கானே."

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெத்தம்மாள் அடுத்த வருஷம் போய்ச்சேர்ந்தாள். அவளுக்குச் சொந்தப் பிள்ளைகளே நான்கு பேர் இருந்ததால் சாமிக்கண்ணு அந்தக் கணக்கில் இல்லை.

நல்லமுத்துவை எரித்து, சாம்பல் கரைத்துவிட்டு, மறுபடி வேலைக்குப் போனபோது அவனுடைய பாதுகாப்புத் தொப்பி தலையில் நிற்காமல் கண்ணை மூடியது. மேற்பார்வையாளர் என்சிக் யூசோப் அதைப் பார்த்தார். தமிழர்கள் தலைமுடியும் மீசையும் சேர்த்து எடுத்தால் அப்பா போய்விட்டார் என்று அர்த்தம், அது அவருக்குத் தெரியும். அப்பாவா என்று மலாயில் கேட்டார். சாமிக்கண்ணு தலையை ஆட்டினான். முந்தின நாள்தான் நல்லமுத்துவுக்கு மகனாக நின்று எலும்பு பொறுக்கியிருந்தான். அதற்குள் இல்லை என்று சொல்வது அவனுக்குச் சரியாகப் படவில்லை. யூசோப் அவன் தோளைத் தட்டிவிட்டு, வராமல் போன நாளைச் சாவு லீவு என்று எழுதிக்கொண்டார். பெற்றோர் இறந்தால் மூன்று நாள் வரைக்கும் சம்பளத்தோடு லீவு உண்டு. நல்லமுத்து சீனப்பெருநாளை ஒட்டிப் போனார், மற்ற நாளெல்லாம் தொழிற்சாலையே அடைத்திருந்தது, அதனால் ஒரு நாள்தான் ஆனது.

அடுத்தது சடையன். அவருக்கு ஒரு மகன் இருந்தான், கப்பலில் வேலை, எந்தக் கடலில் இருக்கிறான் என்று கப்பல்காரர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. சடையன் திங்கட்கிழமை செத்தார். முழுதாக மூன்று நாள். யூசோப் மறுபடி அப்பாவா என்று கேட்டார், இவன் ஆமாம் என்றான், போன தடவையும் அப்பாதானே என்று அவர் கேட்டதற்கு அது வேறு என்றான். யூசோப்பின் கம்பத்துக் கிராமத்திலும் அப்பாவின் அண்ணன் பாக் லோங், தம்பி பாக் சு, எல்லாருமே பாக்தான், அப்பாதான். ஓ, அப்படியா என்று அவராகவே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதிக்கொண்டார்.

மூன்றாவது அங்கமுத்து. அவருக்கு மகள்கள் மட்டும். மருமகன்கள் இருந்தார்கள், ஆனால் மருமகன் கொள்ளி வைப்பது எங்களிடம் வழக்கமில்லை என்று மருமகன்களே நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனார். நடுவில் ஞாயிறு வந்ததால் இரண்டு நாள்.

அப்புறம் சாமிக்கண்ணுவைப் பெற்ற அம்மா வேலாயி. அந்தத் தடவை யூசோப் ஒன்றும் கேட்கவில்லை. இவனாகவே அம்மா என்றான், அவர் எழுதிக்கொண்டார். ஸ்டோரில் இருந்த சீனர் மட்டும் சின்ன அளவுத் தொப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்து, இதை நீயே வைத்துக்கொள், திருப்பித் தர வேண்டாம், உனக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது என்றார்.

கடைசியில் முத்தாயி. புனிதாவின் பெரியம்மா. புனிதாவுக்குப் பெற்றவர்கள் சின்ன வயதிலேயே இல்லை. முத்தாயிதான் வளர்த்தாள், படிக்க வைத்தாள், சாமிக்கண்ணுவுக்குக் கட்டியும் கொடுத்தாள். தனக்கென்று ஒரு பிள்ளை பெறவில்லை. அவள் செத்தபோது லயத்து ஆட்கள் எல்லாம் ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டிருந்தார்கள். புனிதா புருஷனைப் பார்த்தாள். சாமிக்கண்ணு முறைக்கு மருமகன். முறை பேச அன்று ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அவன் முடி வெட்டுகிறவருக்குப் போன் போட்டான். இந்தத் தடவை அவர் எந்த வீடு என்றுகூடக் கேட்கவில்லை. கம்பெனியில் அதுவும் அம்மா சாவு என்றே ஏறியது.

இதனால் எங்கள் பக்கத்து வயசானவர்கள் சாமிக்கண்ணுவைப் பார்க்கிற பார்வையே தனி. பலாப்பழம் அறுத்தால் முதல் பங்கு அவன் வீட்டுக்குப் போகும். டுரியான் பழம் விழுந்தால் கொட்டை சிறுத்த சுளையாகப் பார்த்து வைப்பார்கள். மழையில் மோட்டரில் போகாதே என்று என்னைவிட அக்கறையாகச் சொல்வார்கள். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எத்தனை பேர் திண்டாடுவது.

சாவு லீவைத் தவிர வேறு லீவு அவன் எடுத்ததில்லை. ஆண்டு லீவு என்று வருஷா வருஷம் கம்பெனி கொடுத்தது. ஏன் எடுக்கவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். லீவு எடுத்தால் வீட்டில் இருக்க வேண்டும், வீட்டில் அப்பா இருக்கிறார் என்றான்.

எடுக்காத லீவைப் பழைய ஆட்கள் ஓர் அளவுவரை சேர்த்து வைத்து, வேலையை விட்டு நிற்கும்போது காசாக வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு வசதி இருந்தது. இதை இவனைவிட நன்றாகப் புரிந்துகொண்டவள் புனிதா. அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. தம்பி முறையில் ஒருவன் மகள் லங்காவித் தீவுக்குப் போய்வந்து, விமானத்தில் சன்னலோரம் உட்கார்ந்து எடுத்த படத்தைக் காட்டினாள். கீழே முழுக்க மேகம். கீழிருந்தே மேகத்தைப் பார்த்துவந்த புனிதாவுக்கு அதன் மேல்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பட்டுவிட்டது. வேறு பெரிய ஆசை எதையும் அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

இ.பி.எப் சேமநிதிப் பணம் சோற்றுக்கு, அதைத் தொடக்கூடாது. லீவுக் காசு வரும், அதில் போகலாம். புருஷனும் பெண்டாட்டியும் அப்படிப் பேசி வைத்திருந்தார்கள். ஜாசினில் பாசார் மாலாம் என்கிற ராச்சந்தையில் சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்றை முன்கூட்டியே வாங்கினாள். அதில் தீபாவளித் திரைச்சீலைகளை வைத்திருந்தாள். தீபாவளிக்கு வெளியே வரும், முடிந்ததும் உள்ளே போகும். பெட்டியின் சக்கரம் வீட்டுத் தரையைத் தாண்டி எங்கேயும் உருளவில்லை. சாமிக்கண்ணுவுக்கு அறுபது ஆகும்வரை இப்படிப் பல தீபாவளி போனது.

அறுபது நெருங்கியது. அதற்குள் கம்பெனி கைமாறி, புது முதலாளிகள் வந்து, பழைய ஆட்களின் கணக்கை எல்லாம் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஆபீசில் அதற்கு ஜனகா என்று ஒரு பெண். மலாக்கா டவுனில் இருக்கிற யாழ்ப்பாணக் குடும்பம். இவர்களில் பெரும்பாலும் ஆபீஸ் உத்தியோகம்தான். நல்ல பெண், மரியாதை தெரிந்தவள். இவனை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாளாம்.

"அங்கிள், மூணு தரம் அப்பா செத்ததா இருக்கு."

"மூணு தரம் இல்ல மேடம். மூணு பேரு."

"அதில உங்கட அப்பா யார்?"

"மூணு பேருக்கும் நான்தான் வச்சேன்."

"நான் கேக்கிறது, பெத்த அப்பா."

"அவரு வீட்ல இருக்காரு. காலையில கூட அவிச்ச முட்டை கேட்டாரு."

பிறகு ஜனகா ஒவ்வொருவராகக் கேட்டாள். இவன் நல்லமுத்துவில் தொடங்கி முத்தாயி வரைக்கும் சொன்னான். அவர்களுக்கும் நமக்கும் இதில் வித்தியாசம் கிடையாது, கொள்ளி என்றால் என்னவென்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தாத்தா இறந்தபோது அண்ணன் மயூரன் மெல்பர்னிலிருந்து வர முடியாமல் வீடியோவில் பார்த்தானாம். அவனுக்கு அங்கே ஒரு வாரம் சாவு லீவு கொடுத்தார்கள். இங்கே கொள்ளிச்சட்டி தூக்கியவர் யாரோ தெரிந்தவர், கோயிலில் பார்த்த முகம். இதைச் சொல்லிவிட்டு, அவர் பெயரைக் கேட்டு வைக்கவில்லை என்று அவளே சொன்னாளாம்.

ஆனாலும் விதி விதிதான். ஓர் ஆளுக்கு ஓர் அப்பா, ஓர் அம்மா. அதற்கு மேல் எடுத்த நாட்கள் ஆண்டு லீவில் கழியும். அம்மா இடத்தில் வேலாயி இருக்கிறாள், அதில் பிரச்சினையில்லை. அப்பா இடத்துக்கு, வளர்த்த அப்பா என்று ஒருவரை அவளால் வைத்துக்கொள்ள முடியும். மூன்று பேரில் யாரை வைப்பது என்று யோசித்துத் திங்கட்கிழமை சொல்லச் சொன்னாள். குற்றம் எதுவும் எழுதப்போவதில்லை, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். அவன் பயப்படவில்லை. வீட்டுக்குப் போய்ப் புனிதாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் மெர்லிமாவிலிருந்து செலண்டார் வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். மோட்டரில் இரண்டு பேர்தான் உட்காரலாம் என்பதால் முதலில் அப்பாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்பிப் போய்ப் புனிதாவைக் கூட்டிவந்தான். நான் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். மூவருக்கும் நடுவில் முறத்தைத் தள்ளினேன், ஆளுக்கொரு கை போட்டார்கள்.

முறை தெரிந்த ஆள் என்று என்னிடம் வந்திருந்தார்கள். யார் அப்பா?

தான் மூன்று தடவை செத்திருப்பதை இராமையா அப்போதுதான் முழுதாகக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒவ்வொரு சாவுக்கும் அன்றைக்குத் தான் எங்கே இருந்தார் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். மூன்று தடவையும் சுடுகாட்டில்தான், விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன் என்றார். அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்த மாதிரி தெரிந்தது.

புனிதா கணக்கோடு வந்திருந்தாள். போக வர விமானம், இரண்டு ராத்திரி தங்க இடம், கேபிள் கார், சொந்தக்காரர்களுக்குச் சாக்லெட். நல்லமுத்துவை வைத்தால் ஒரு நாள் மிஞ்சும். அங்கமுத்துவை வைத்தால் இரண்டு நாள். சடையன் திங்கட்கிழமை செத்தவர், மூன்று நாளும் மிஞ்சும். சடையனை வைத்துக்கொண்டு கேபிள் காரை விட்டுவிட்டால் விமானத்தில் போய் விமானத்திலேயே வந்துவிடலாம்.

"சடையனா?" என்றார் இராமையா. "என் கத்தியை வாங்கிட்டுப் போனவன் கடைசி வரைக்கும் கொடுக்கல. அவனையா என் எடத்துல வைக்கப் போறீங்க?"

"அவருக்கு மூணு நாள் மாமா."

"நல்லமுத்துவ வை. நல்லவன். ரா முழுக்கத் தோட்டத்தைச் சுத்தி வருவான், ஒருத்தன் வீட்டுக் கோழியைத் தொட்டதில்ல."

"நல்லவருதான். ஒரு நாள்தானே இருக்கு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நல்லமுத்துவின் அம்மா இராமையாவின் அப்பாவை அண்ணன் என்றவள். அதனால் நல்லமுத்து இராமையாவுக்கு மச்சான், சாமிக்கண்ணுவுக்கு மாமன். மாமனுக்கு மகனாக நிற்க முடியாது, நின்றதே தப்பு. சடையன் இராமையாவுக்குப் பங்காளி வகையில் தம்பி, சாமிக்கண்ணுவுக்குச் சித்தப்பா. அங்கமுத்துவும் மாமன் வகைதான், மூன்று பேரில் முறையாக அப்பா என்று சொல்லக்கூடியவர் சடையன் ஒருவர்தான். இதைச் சொன்னேன். இராமையா எழுந்துபோய் வாசலில் நின்று சடக்கில் போகிற வண்டிகளைப் பார்த்தார். சாமிக்கண்ணு நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். அவனுக்கு யாரை வைத்தாலும் சம்மதம், யாரை எடுத்தாலும் சங்கடம்.

புனிதா விரலில் ஒட்டியிருந்த செதிலைத் துடைத்துவிட்டு, சடையன் இருக்கட்டும், மற்றவர்கள் போகட்டும் என்று முடித்தாள். பிறகு, சரிபார்க்கிற மாதிரி, போகிறவர்கள் யார் யார் என்று புருஷனைக் கேட்டாள்.

"நல்லமுத்து. அங்கமுத்து." கொஞ்சம் நிறுத்தினான். "முத்தாயி பெரியம்மா."

"பெரியம்மாவா? அவங்க எப்படி?"

"அம்மா எடத்துல எங்கம்மா இருக்காங்கல்ல. ஒரு எடம்தான்."

"வளர்த்தவங்கன்னு சொல்லலாம்னு சொன்னீங்களே."

"அது அப்பாவுக்கு. அப்பா எடம் காலியா இருக்கு. அதோட பெரியம்மா உன்னைத்தானே வளத்தாங்க, என்னையா வளத்தாங்க?"

புனிதா முறத்தில் இருந்த நெத்திலி முழுக்கத் தீரும்வரை தலை கிள்ளினாள். நான், பசியாறிவிட்டுப் போங்கள் என்றேன். இராமையா மட்டும் ஆமாம் என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். ரொட்டிச்சானாயைப் பிய்த்துப் பருப்பில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது புனிதா சொன்னாள்.

"உங்க சடையன் சித்தப்பா நிப்பாரு, பெரியம்மா போவணும்னா, அது என்னலா நியாயம். அன்னைக்கு நான்தானே உங்களைத் தூக்கச் சொன்னேன். வேலாயி அத்தை பெத்தவங்க, அவங்க இருக்கட்டும். மத்த நாலு பேரும் ஒண்ணாவே போவட்டும். நம்ம லீவாவே இருந்துட்டுப் போவுது."

"நாலு பேரையும் எடுத்தா வர்றதுக்குப் ப்ளேன் இல்ல," என்றான் சாமிக்கண்ணு.

"தெரியும். எனக்கும் கணக்கு வரும்."

"கேபிள் காரும் இல்ல."

"போறப்ப பாத்தா போதும். வர்றப்பவும் அதே மேகம்தானே."

இராமையா பருப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சடையன் போனது நல்லதுதான் என்றார்.

திங்கட்கிழமை ஜனகாவிடம் போய், நாலு பேரையும் ஆண்டு லீவில் கழித்துக்கொள்ளச் சொன்னான். ஓர் அப்பாவை வைக்கலாமே, அது உங்கள் உரிமை என்று அவள் இரண்டு தடவை எடுத்துச் சொன்னாளாம். வீட்டில் பேசியாகிவிட்டது என்றான். அப்பா என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டாள். இராமையா என்று போடச் சொன்னான். இறந்த தேதி என்று அடுத்த கட்டம் வந்தது. ஜனகா அதைக் காலியாக விட்டாள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாதாம், ஏதோ செய்து ஒத்துக்கொள்ள வைத்தாள். அவன் எழுந்தபோது அவளும் எழுந்து நின்றாள் என்றான். அதை ஏன் என்னிடம் சொன்னான் என்று தெரியவில்லை, சொன்னான்.

கடைசி நாள் கம்பெனியில் கேக் வெட்டினார்கள். சின்ன அளவுத் தொப்பியை அவன் ஸ்டோரில் திருப்பிக் கொடுக்கப் போனான். பழைய சீனர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், புதிதாக இருந்தவன் இது எங்கள் கணக்கில் இல்லையே என்று வாங்க மறுத்துவிட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

லீவுக் காசு வந்தது. போக விமானம், வர ஃபெர்ரியும் பஸ்ஸும். நீலப் பெட்டியிலிருந்து திரைச்சீலைகள் வெளியே வந்தன. தீபாவளிக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது, வேறு வைக்க இடமில்லாமல் அவற்றைச் சன்னலிலேயே மாட்டிவிட்டாள். அந்தச் சடக்கில் போனவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இராமையாவைத் தனியாக விட முடியாது. தங்கச்சி வீட்டில் இருக்கட்டும் என்று என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். மாத்திரை, சாரம், பல் செட் வைக்கும் குவளை, எல்லாம் ஒரு பையில். மலாக்காவில் பஸ் பிடித்து விமான நிலையத்துக்குப் போக வேண்டும், வாசலில் வாடகைக் கார் நின்றது. புனிதா ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாமிக்கண்ணு மட்டும் திரும்பி வந்து அப்பா முன்னால் நின்றான். அவன் என்ன நினைத்தான் என்று எனக்குப் புரிந்தது. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் வைத்தவன், இந்த மூன்று நாளில் ஏதாவது ஆகிவிட்டால் கடல் தாண்டி இருப்பான்.

"அப்பா. நாங்க வர்ற வரைக்கும் பத்திரமா இருங்க."

"நான் தரையிலதான் இருக்கேன்," என்றார் இராமையா. "மேல போறவன் நீ. நீ பாத்துப் போ."

அவன் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினான்.

மூன்று நாளும் இராமையா நன்றாகச் சாப்பிட்டார். காலையில் முட்டை, பத்து மணிக்கு ரொட்டி, சாயங்காலம் கோப்பியோடு ஏதாவது. பேப்பரில் மரண அறிவிப்புப் பக்கத்தை எடுத்துப் படித்து, தன்னைவிடச் சின்னவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து வைப்பார். ராத்திரி நான் இரண்டு தடவை எழுந்துபோய் அவர் மூச்சைக் கேட்டேன். குறட்டை தெருவுக்கே கேட்டது, எழுந்து போயிருக்கத் தேவையில்லை.

அவர்கள் பஸ்ஸில் விடிய விடிய உட்கார்ந்து காலையில் வந்து இறங்கினார்கள். புனிதாவுக்குக் கால் வீங்கியிருந்தது. பெட்டியின் ஒரு சக்கரம் ஃபெர்ரித் துறையில் உடைந்து, மீதித் தூரத்துக்குச் சாமிக்கண்ணு அதைத் தோளில் தூக்கி வந்திருந்தான். தூக்கிப் பழகிய ஆள்தானே. போகும்போது புனிதாவுக்குக் கொடுத்தது நடு இருக்கை. சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பையன் தூங்கிவிட்டான். புனிதா அவன் மேல் படாமல் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு போனாளாம். கழுத்தும் பிடித்திருந்தது.

மேகம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பஞ்சு மாதிரி இருக்கும்னாங்க. பஞ்சு மாதிரியெல்லாம் இல்ல சின்னம்மா. மங்குல ரப்பர் பாலை ஊத்தி உறைய வச்சிருப்போம்ல, மேல லேசா நெளிநெளியா, வெள்ளையா. அப்படியே அது. அந்தக் கடைசி வரைக்கும்."

"அதைப் பாக்கவா ப்ளேன் ஏறினீங்க," என்றார் இராமையா. "நாப்பது வருஷம் தினமும் பாத்தேன். ஒருத்தனும் டிக்கெட் கேக்கல."

புனிதா சிரித்துவிட்டு அவருக்கு ஒரு சாக்லெட்டைப் பிரித்துக் கொடுத்தாள். அவர் பல் செட்டைக் கழற்றிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகிறது. சாமிக்கண்ணு இப்போது வீட்டில்தான் இருக்கிறான், அப்பாவோடு. இனி யாருக்குக் கொள்ளி வைத்தாலும் ஒருவரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. இராமையா அதை நினைத்து அவசரப்படுவதாகத் தெரியவில்லை. நேற்றுக்கூட முட்டை சரியாக வேகவில்லை என்று திருப்பி அனுப்பினாராம்.